மங்கு துடைத்தோம், மனசு?

ஞாயிறு காலையில் குளித்து, சலவை வேட்டி கட்டி, கிள்ளானில் 1928-இல் எழுந்த லூர்து மாதா ஆலயத்துக்கோ பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபைகளுக்கோ போகிறோம். நல்லதுதான். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணனோடு குழாயடியில் சண்டை போட்டு மூன்று மாசமாச்சே, பேசினோமா?

சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் போய் ராசியாகச் சொல்கிறது மத்தேயு 5-ஆம் அதிகாரம்.

ரப்பர் வெட்டிய கைகளுக்குத் தெரியும். நேற்றுத் துடைத்த மங்குதானே என்று விட்டுவிட முடியுமா? மழைத்தண்ணியும் பட்டைத்தூளும் கிடந்தால் பால் கெட்டுப்போகும். மனசும் அப்படித்தான், தினமும் துடைக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை சாயந்தரமே அவர் வாசலுக்குப் போய், "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். முகத்தைத் திருப்பினால் மறுவாரமும் போவோம். கள்ளுக்கடையில் வைத்து மட்டும் சமாதானம் பேச வேண்டாம். அது இன்னொரு சண்டையில்தான் முடியும்!