கெடு மாணவருக்கு, படிவம் வீட்டுக்காரர் கையில்

கல்லூரிகள் திறந்து வெளிநாட்டு மாணவர்கள் வந்து இறங்கும் இந்த வாரங்களில், கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் பல விதமாக எட்டிப்பார்க்கிறது. மாடியை வெளிநாட்டு மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டவர், "அதெல்லாம் காலேஜே பார்த்துக்கொள்ளாதா?" என்கிறார். தீபாவளிக்கு மகனோடு வரப்போகும் வெளிநாட்டு வகுப்புத் தோழனைப் பற்றிப் போலீஸில் சொல்ல வேண்டுமா என்கிறது இன்னொரு கடிதம். 14 நாள் கெடு வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஓடுவதாக மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், இந்தியாவில் வந்து இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டில் விழும் வருகை முத்திரைத் தேதிதான் கணக்கு. விருதுநகர் மாவட்டத்தில் அந்த அலுவலர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்.

கெடு பெரிய சிக்கல் அல்ல. அதை நிறைவேற்றத் தேவையான தாள் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். பதிவுக்குப் பாஸ்போர்ட், விசா, கல்லூரி தரும் சான்று, தங்குமிட ஆதாரம் ஆகியவை வேண்டும். முதல் மூன்றும் மாணவர் கைக்கு எட்டுபவை. நான்காவதற்கு வழக்கமாகக் கேட்கப்படுவது சி படிவம். வெளிநாட்டவர் ஒருவரைத் தன் இடத்தில் தங்க வைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அனுப்ப வேண்டிய தகவல் அது. புதிய விதிகளில் பெயர் எப்படி மாறினாலும் மக்கள் வாயில் அது சி படிவம்தான். மாணவரால் அதை நிரப்ப முடியாது; வீட்டுக்காரர் மட்டுமே நிரப்பலாம். அவரோ முதலில் அரசின் இணையதளத்தில் தன் பெயரில் கணக்குத் தொடங்கி, அடையாளச் சான்றும் வீட்டுக்கான ஆதாரமும் ஏற்றி, ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒப்புதல் தன் போக்கில் வரும். 24 மணி நேரம் அதற்காக நிற்காது. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் மாணவரின் விண்ணப்பமும் வீட்டுக்காரரின் தகவலும் பொருந்தாமல் போய்விடும். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வாய்ப்பேச்சில் வீடு விடும் ஊர்களில், வாடகை வருமானம் அரசுக் கணினியில் ஏறிவிடுமோ என்ற தயக்கம் வேறு. "படிவமெல்லாம் வேண்டாம் தம்பி, பேசாமல் இருந்துக்கோ" என்று சொல்லிவிடுவது அவருக்கு எளிது. அந்தப் பேச்சை நம்பியவர் 14-ஆம் நாள் ஆதாரமில்லாமல் நிற்பார்.

2018-இல் நாடு முழுக்க வந்த, வெளிநாட்டவர் பதிவுக்கான இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தை, நேரில் வர வேண்டாம், காகிதம் வேண்டாம் என்ற சாதனையாக அரசு முன்வைக்கிறது. அலுவலக வாசலில் வரிசை குறைந்தது உண்மைதான். ஆனால் அலைச்சல் ஒழியவில்லை. அலுவலகத்திலிருந்து வீட்டுக்காரரின் செல்போனுக்கு இடம் மாறியிருக்கிறது. முன்பு அதிகாரியிடம் கெஞ்சிய மாணவர் இப்போது வீட்டுக்காரரிடம் கெஞ்சுகிறார். 2025 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1920, 1939, 1946, 2000 ஆம் ஆண்டுகளின் நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு வந்தது. காலனி காலச் சட்டங்களைக் களைந்து எளிமையாக்கினோம் என்றார்கள். தங்குமிடம் தருபவர், கல்வி நிறுவனம், மருத்துவமனை என ஆளாளுக்குத் தகவல் சொல்லும் கடமை அதிலும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் மூண்ட ஆண்டின் சட்டத்தில் இருந்த எண்ணம், கணினிக்குள் இன்னும் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

தன் மண்ணில் யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் அரசுக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு; அதில் தகராறு இல்லை. தகவல் சொல்லாத வீட்டுக்காரர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சட்டம் இடம் தருகிறதே என்றும் சொல்லலாம். ஏட்டில் அப்படித்தான். நடைமுறையில் பதிவுக்கும் விசா நீட்டிப்புக்கும் அலுவலர் முன் நிற்பவர் மாணவர். கேள்வியும் அபராதமும் அவரைத்தான் முதலில் தேடி வரும். வெம்பக்கோட்டைக்காரர்களுக்கு இதை அவர்கள் தொழிலை வைத்தே சொல்லலாம். பட்டாசு ஆலையின் ஓர் அறையில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை உட்காரவைத்து விபத்து நடந்தால், வழக்கு உரிமையாளர் மீதும் போர்மேன் மீதும் பதிவாகும். அந்த அறையில் திரி செருகிக்கொண்டிருந்தவர் மீது அல்ல. எது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதற்கு அவரே பொறுப்பு என்பது அங்கே நியாயம். இங்கே மட்டும் அது தலைகீழ். விடுதியில் தங்கினால் தொல்லை இல்லையே என்பாரும் உண்டு. முதலாண்டுக்கு அது சரி. விடுதி அலுவலகமே படிவத்தை அனுப்பிவிடும். வெளியே அறை எடுக்கும் ஆய்வு மாணவருக்கும், பண்டிகை விடுமுறையில் நண்பன் ஊருக்குப் போகிறவருக்கும் விடுதி என்ன செய்யும்?

இதற்கு மாற்றுவழி இல்லாமலும் இல்லை. வந்து இறங்கும் மாணவர் கையில் முகவரி இருக்காது என்பதை ரிசர்வ் வங்கி புரிந்துவைத்திருக்கிறது. பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம், புகைப்படம் ஆகியவற்றை வைத்தே அவர் வங்கியில் என்.ஆர்.ஓ. (வெளிநாட்டவருக்கான சாதாரண ரூபாய்) கணக்குத் தொடங்கலாம், உள்ளூர் முகவரியைத் தர 30 நாள் அவகாசம். அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரக்கூடாது, கணக்குக்கு மொத்தத்தில் 50,000 ரூபாய் வரம்பு என்று எச்சரிக்கையையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பணமோசடிக்குப் பயப்படும் வங்கித் துறையால் தற்காலிக அனுமதி தர முடிகிறது என்றால், உள்துறையாலும் முடியும். கல்லூரி உறுதிமொழியின் பேரில் தற்காலிகமாகப் பதிவு செய்துவிட்டு, சி படிவத்துக்கு வீட்டுக்காரரை நேரடியாகக் கேட்டால் போதும்.

இந்த மாற்றத்தைக் கேட்க வேண்டிய காரணமும் இருக்கிறது. 2018-இல் 'ஸ்டடி இன் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியபோது, 2023-க்குள் 2 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்று இலக்கு வைத்தார்கள். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் 2019-20-இல் இருந்தவர்கள் 49,348, 2021-22-இல் 46,878. கொரோனாவைக் காரணம் சொல்லலாம், சொல்கிறார்கள். கொரோனாவுக்கு முன்னும் எண்ணிக்கை இலக்கில் கால் பங்கைத் தொடவில்லை என்பதைச் சொல்வதில்லை.

மீதிக் கேள்விகள்.

தீபாவளிக்கு ஓரிரு நாள் வரும் தோழன்? வாடகை வாங்காவிட்டாலும் தங்க வைப்பவர் நீங்கள்தான். சி படிவம் உண்டு.

கனடா பாஸ்போர்ட்டில் வரும் சொந்தக்காரர்? அவருக்கும் அதே படிவம்.

பாகிஸ்தான் மாணவர்? 14 நாள் அல்ல, 24 மணி நேரம்.

நேபாள மாணவர்? விசாவும் வேண்டாம், இந்தப் பதிவும் வேண்டாம். இந்தியாவுக்குப் படிக்க வருபவர்களில் அதிகம் பேர் அவர்கள்தான்.

ஆதார் கிடைக்குமா? முந்தைய 12 மாதங்களில் 182 நாள் இங்கே வசித்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம். முதல் வாரத்தில் ஆதார் கேட்கும் வீட்டுக்காரரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்.

கண்டியாபுரம் அகதிகள் முகாமிலிருந்து கல்லூரிக்குப் போகும் இலங்கைத் தமிழ் மாணவர்? 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பர் ஆணை விலக்கு அளிக்கிறது, குடியுரிமை அளிக்கவில்லை.