பதினைந்தும் நாற்கூறெண்களும்

மூன்றை ஐந்தால் பெருக்கினாலும், ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் விடை 15 என்பது தொடக்கப்பள்ளி மாணவரும் அறிந்த உண்மை. ரப்பர்த் தோட்டத்தில் நிரைக்கு ஐந்து மரமாக மூன்று நிரை நட்டாலும், நிரைக்கு மூன்று மரமாக ஐந்து நிரை நட்டாலும் மரங்களின் தொகை ஒன்றே. ஆதலின் பெருக்கலில் வரிசை பொருட்டன்று என்பது அசையாத விதியாகவே வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் அவ்விதியைக் கைவிட்ட எண் வகை ஒன்று உண்டு. மேனாட்டார் அதனைக் குவாட்டர்னியன் என்பர். நான்கு கூறுகளை உடைமையால் தமிழில் நாற்கூறெண் எனலாம். ஒரு விதியை இழந்து அது பெற்ற ஊதியம் யாது? அதே 15 என்னும் எண்ணைத் துணைகொண்டே இதனைக் காணலாம்.

நான்கு வர்க்கங்கள்

ஒரு முழு எண்ணை அதனாலேயே பெருக்கக் கிடைப்பது வர்க்கம். 0, 1, 4, 9, 16 என்பன வர்க்கங்கள். 7 என்பதை 4+1+1+1 என நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். மூன்று வர்க்கங்களால் எழுத இயலாது. நேர் முழு எண் எதுவாயினும் நான்கு வர்க்கங்களுக்குள் அடங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஷே 1621இல் கருதினார். 1770இல் லாக்ராஞ்சு அதனை ஐயமற நிறுவினார்.

அதற்கு வழி திறந்தவர் ஆய்லர். நான்கு வர்க்கங்களாக எழுதத்தக்க இரண்டு எண்களைப் பெருக்கினால், வரும் எண்ணையும் அவ்வாறே எழுதலாம் என்பதை அவர் 1748இல் ஒரு சூத்திரத்தால் காட்டினார். எனவே பகா எண்களுக்கு மட்டும் நிறுவினால் போதும். ஏனைய எண்கள் அவற்றின் பெருக்கமே ஆதலின் தாமே அடங்கிவிடும்.

மூன்று வர்க்கங்களுக்கு இவ்வசதி இல்லை. 3 என்பது 1+1+1; 5 என்பது 4+1+0. ஆனால் இவற்றின் பெருக்கமாகிய 15ஐ மூன்று வர்க்கங்களால் எழுதவே முடியாது. நான்குக்கு இசைந்த பெருக்கல் மூன்றுக்கு இசையாதது ஏன்?

பாலத்தருகே கண்ட விதி

அயர்லாந்து அறிஞர் ஹாமில்டன், இரு கூறுகள் உடைய சிக்கலெண்களைப் போல மூன்று கூறுகள் உடைய எண்களை அமைக்கப் பல ஆண்டுகள் முயன்றார். எண்களைப் பெருக்கும்போது அவற்றின் அளவைகளும் பெருகவேண்டும் என்பது அவர் நாடியது. கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவதே அளவை. முழு எண்களால் ஆன அத்தகைய முக்கூறு விதி இருந்திருப்பின், 15உம் மூன்று வர்க்கங்களில் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, ஆதலின் அவ்விதியும் இல்லை.

1843ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், டப்ளின் நகரக் கால்வாய்க் கரையில் மனைவியுடன் நடந்து செல்கையில் அவருக்கு விடை தோன்றியது. கூறுகள் நான்காக வேண்டும். பெருக்கலின் வரிசை விதியைக் கைவிடவும் வேண்டும். ட, த, ப என மூன்று புது அலகுகளைக் கொள்வோம். ஒவ்வொன்றின் வர்க்கமும் −1. டவைத் தவால் பெருக்கினால் ப. தவை டவால் பெருக்கினால் −ப. பாலைக் காய்ச்சியபின் உறை ஊற்றினால் தயிர். உறை ஊற்றியபின் காய்ச்சினால் திரிந்த பால். வரிசை மாறப் பயனும் மாறுவதை வீட்டு அடுக்களையே காட்டும்.

இனி 15க்கு வருவோம். 1+ட+த என்பதன் அளவை 3. 2+ட என்பதன் அளவை 5.

(1+ட+த) × (2+ட) = 1+3ட+2த−ப
(2+ட) × (1+ட+த) = 1+3ட+2த+ப

இரு விடைகளும் வேறு. ஆனால் இரண்டின் அளவையும் 1+9+4+1, அதாவது 15. வரிசை போயிற்று, அளவை நின்றது. ஆய்லரின் சூத்திரத்துக்கு உட்பொருள் இதுவே.

அரைகளின் துணை

பகா எண்கள் ஒவ்வொன்றும் ஒரு நாற்கூறெண்ணின் அளவை என்பதைக் காட்ட வகுத்தல் தேவை. வகுத்தபின் எஞ்சும் மீதி வகுத்தியினும் சிறிதாதல் வேண்டும். கூறுகள் முழு எண்களாகவே இருப்பின் இது சிலபோது தவறும்: ஈவின் நான்கு கூறுகளிலும் அரை எஞ்சினால், நான்கு அரைகளின் வர்க்கங்கள் சேர்ந்து 1 ஆகி, மீதியும் வகுத்தியும் அளவையில் சமமாகிவிடும். ஹுர்விட்ஸ் 1896இல் நான்கு கூறுகளும் அரையோடு நிற்கும் எண்களையும் முழு எண்களின் இனத்திலேயே சேர்த்தார். இடையூறு அகன்றது, லாக்ராஞ்சின் தேற்றம் புது நெறியில் கைகூடியது.

இராமானுஜனின் பட்டியல்

வர்க்கங்களின் முன் 1, 1, 1, 1 என்பதற்கு மாறாக வேறு எண்களை வைத்தால் என்ன? எல்லா நேர் முழு எண்களையும் தரும் நான்கெண் தொகுதிகள் எவை? கும்பகோணத்தில் வளர்ந்து கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன் 1917இல் 55 தொகுதிகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் 1, 2, 5, 5 என்பது ஒரே ஓர் எண்ணைத் தவறவிடுகிறது என்பதை டிக்சன் 1927இல் எடுத்துக்காட்டினார். அந்த எண் 15! ஏனைய 54 தொகுதிகளும் சரியானவை.

இறுதி 5ஐ 10 ஆக்கி 1, 2, 5, 10 எனக் கொண்டால் குறை நீங்குகிறது. ட வர்க்கம் −2, த வர்க்கம் −5 எனக் கொண்டு அமைக்கும் நாற்கூறெண்களின் அளவை இத்தொகுதியே. எனினும் அளவைத் தொகுதி எல்லாமே முழுமை பெற்றவை என்று கொள்ளலாகாது. 1, 3, 5, 15 என்பது 2ஐக்கூடத் தராது. 1993இல் கான்வே, ஷ்னீபெர்கர் ஆகியோர், இவ்வகைத் தொகுதி 1 முதல் 15 வரை தந்தால் எல்லா எண்களையும் தரும் என்று கண்டனர். மஞ்சுல் பார்கவா 2000இல் அதற்கு எளிய நிறுவல் அளித்தார்.

வலைப்பின்னல்கள்

கிள்ளானிலிருந்து இரயிலில் வருவோர் பலர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள கே.எல். சென்ட்ரலில் வண்டி மாறுகின்றனர். ஒரு நிலையம் தடைப்பட்டால் பல வழிகள் தடைப்படும். சில வழிகளே கொண்டு, எந்த ஒரு நிலையத்தையும் சாராமல், விரைந்து எங்கும் பரவும் வலைப்பின்னலை அமைக்க இயலுமா? 1988இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் ஆகிய மூவர் நாற்கூறெண்களால் அதனை அமைத்தனர். அளவை 5 உடையவற்றுள் முதற்கூறு 1 ஆக நிற்பவை 1±2ட, 1±2த, 1±2ப என ஆறு. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் இந்த ஆறு பெருக்கல்களே ஆறு வழிகள். முதலில் ட வழியும் பின் த வழியும் செல்பவர் அடையும் இடம் ஒன்று. மாற்றிச் செல்பவர் அடையும் இடம் வேறு. வழிகள் ஒன்றன்மேல் ஒன்று மடியாமல் விரிவதற்கு இதுவே காரணம். 1916இல் இராமானுஜன் கூறிய ஊகத்தின் விரிந்த வடிவம் இவற்றின் சிறப்பை உறுதி செய்தமையால், இவை இராமானுஜன் வலைகள் எனப் பெயர் பெற்றன.

வரிசை மாறினும் விடை மாறாது என்பது நாம் அறிந்த எண்களுக்கு என்றும் மெய்யே. ஆயினும் அது எவ்வெண்களுக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நிறைவான கற்பித்தல். உயர்வகுப்பு மாணவர் மேலே கண்ட இரண்டு பெருக்கல்களையும் தம் கையாலேயே செய்து பார்ப்பாராயின், விதிக்கும் எல்லை உண்டு என்பதையும், எல்லைக்கு அப்பாலும் ஒழுங்கு உண்டு என்பதையும் ஒருங்கே உணர்வர்.