கையறுநிலை

கையறுநிலை என்பது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் இடத்தில் மனிதர் அடையும் பெருந்துயரைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆகும். பழந்தமிழ் இலக்கணத்தில் இது புறப்பொருள் துறை ஒன்றின் பெயர். இன்றைய உரைநடையில் வழியற்ற, துணையற்ற நிலையைக் குறிக்கப் பயன்படுகிறது.

சொற்பொருள்

கை + அறு + நிலை எனச் சொல் பிரியும். இங்கு 'கை' என்பது செயலைக் குறிக்கும். 'அறு' என்பதற்கு இல்லாமற்போதல் என்று பொருள். எனவே, செயல் அற்றுப்போன நிலையே கையறுநிலை. கை வெட்டுண்ட நிலை என்று பொருள் கொள்வது பிழை. 'கையறவு', 'கையற்று நின்றான்' என்பனவும் இதே அடியிலிருந்து வந்தவை. மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்பதால் 'அறுநிலை' வினைத்தொகை. ஆகவே சேர்த்து எழுதுவதே முறை.

இலக்கியத்தில்

இறந்தவரை நினைத்து, எஞ்சியிருப்போர் புலம்புவதைத் தொல்காப்பியம் கையறுநிலை என்கிறது. காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக அதை வைக்கிறது. புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பொதுவியல் திணையின்கீழ் வருகின்றன.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது (புறம் 235) இத்துறையைச் சேர்ந்தது. அவன் மார்பில் பாய்ந்த வேல், அவனை நம்பி வாழ்ந்த பாணரின் உண்கலத்தையும் புலவரின் நாவையும் சேர்த்துத் துளைத்ததாக அவர் சொல்கிறார். ஒருவரின் சாவு பலரின் வாழ்வை முடக்குவதே அங்கு கையறவு.

பாரி மகளிர் பாடல் (புறம் 112) ஐந்தே அடிகள் கொண்டது. சென்ற திங்களின் நிலவில் தந்தையும் குன்றும் இருந்தன. இத்திங்களின் நிலவில் இரண்டும் இல்லை. அழுகை, துயரம் என்ற சொற்கள் அதில் எங்கும் இல்லை.

தொடித்தலை விழுத்தண்டினார் பாடலில் (புறம் 243) யாரும் இறக்கவில்லை. கோல் ஊன்றிய முதியவர், மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்த தம் இளமையை நினைக்கிறார். மீட்க முடியாத எதன் இழப்பும் கையறுநிலையே என்பதை இது காட்டுகிறது.

ஒத்த சொற்களும் வேறுபாடும்

* இயலாமை: முடியாமை மட்டும், துயரம் இருக்க வேண்டியதில்லை.
* கையாலாகாத்தனம்: செய்ய வேண்டியதைச் செய்யத் திறனில்லாமை; பழிப்புச் சொல்.
* இரங்கல்: பிறர் துயரில் பங்குகொள்பவரும் தெரிவிப்பது.
* கையறுநிலை: இழந்தவரே உணர்வது, இதில் பழி இல்லை.

இன்றைய வழக்கு

செய்தித்தாள்களில் இச்சொல் மிகுதியாக வருகிறது. "வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள் கையறுநிலையில் நின்றனர்" என்பது பொருத்தமான வழக்கு. "வாய்க்காலைத் தூர்வாராத நிர்வாகம் வெள்ளத்தின்போது கையறுநிலையில் இருந்தது" என்பது பொருந்தாது. முன்பே செய்திருக்கக்கூடியதைச் செய்யாமல் விட்டதற்கு அலட்சியம் என்பதே சொல். அதைக் கையறுநிலை என்று எழுதினால், பொறுப்பேற்க வேண்டியவர் இரக்கத்துக்கு உரியவராக மாறிவிடுகிறார். உண்மையில் கையற்று நிற்பவருக்கோ அவர் நிலையைச் சொல்லச் சொல் இல்லாமற்போகிறது.