நேற்று வரை நன்றாக இருந்த பூனை

“நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க வெளையாடிட்டு இருந்துச்சு.” கோவையில் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுபவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் இதுதான். ஏழெட்டு மாதக் குட்டி. காலையில் பார்த்தால் பின்னங்கால் தள்ளாடுகிறது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, கருவிழிகள் பக்கவாட்டில் துடிக்கின்றன, வாயில் எச்சில் ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணு பட்டிருச்சு என்பார். எதிர்வீட்டுக்காரர் யாரோ மருந்து வெச்சுட்டாங்க என்பார். எதிர்வீட்டுக்காரர் சொல்வதைக் கொஞ்சம் காதில் வாங்குவது நல்லது.

ஏனென்றால், இளம்பூனைக்குத் திடீரென்று வரும் நரம்புக் கோளாறுகளில் நஞ்சுக்கு முக்கிய இடம் உண்டு. அதை வைத்தவர் பல நேரம் எதிரி அல்ல, நாமேதான். வீட்டில் நாயும் இருக்கும். நாயின் பிடரியில் உண்ணிக்கு விடும் சொட்டு மருந்தில் மிச்சம் இரண்டு சொட்டைப் பூனைக்கும் விடுவோம். அந்த மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. பூனையின் கல்லீரலுக்கோ அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. சில மணி நேரத்தில் காது துடிக்கும், முதுகுத் தோல் அலையடிக்கும், பிறகு உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு. எறும்புச் சாக்பீஸ், கரப்பான் ஸ்பிரே போன்றவற்றிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள்தான் பெரும்பாலும் இருக்கின்றன. தோட்டத்துச் சாளையில் வளரும் பூனைக்கு இன்னொரு ஆபத்து, பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்து. அதில் கண்ணின் பாப்பா ஊசிமுனையளவு சுருங்கிவிடும், எச்சில் நிற்காது.

இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆர்கனோபாஸ்பேட்டுக்கு அட்ரோபின், பெர்மெத்ரினுக்கு நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தொடர் கண்காணிப்பும். எதைக் கொடுப்பது என்பதை மருத்துவர் விரைவாக முடிவு செய்ய நீங்கள் கொண்டுபோகும் காலி டப்பா, அட்டைப்பெட்டி, அதன் பின்பக்கப் பொடி எழுத்து எல்லாம் உதவும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள். ‘நான்தான் மருந்து விட்டேன்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்களால்தான் நேரம் வீணாகிறது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நடுக்கத்தையும் நடையையும் செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடியுங்கள். மருத்துவமனை மேசையில் ஏறியதும் பல பூனைகள் அறிகுறியே காட்டாது. மருந்து தோலில் பட்டிருந்து, பூனை நினைவோடு இருந்தால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டுக் கழுவித் துடையுங்கள். வலிப்பு வந்துகொண்டிருந்தால் கழுவ நிற்காமல் கிளம்புங்கள். பால், உப்புத்தண்ணீர், முட்டை எதையும் வாயில் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். பாராசிட்டமால் கால் மாத்திரைகூட வேண்டாம், பூனைக்கு அது உயிர்க்கொல்லி.

நஞ்சு இல்லையென்றால்? தொடர்ந்து பச்சை மீன் மட்டுமே தின்னும் பூனைக்குத் தயமின் குறைந்து தலை நெஞ்சை நோக்கித் தொங்கும். மீனை வேக வைத்தாலே சில வகை மீன்களில் தயமினை அழிக்கும் நொதி செயலிழந்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட பூனைகளை அதிகம் தாக்கும் எஃப்.ஐ.பி. என்ற கொரோனா வைரஸ் நோயின் உலர் வகை மூளையையும் கண்ணையும் பிடிக்கும். இது வந்தால் சாவுதான் என்றிருந்த நிலை 2019இல் மாறியது. அமெரிக்காவின் டேவிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஜி.எஸ்.441524 என்ற மருந்தைக் கொடுத்த 31 பூனைகளில் 25 பிழைத்தன. கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் உடலுக்குள் போய் மாறுவதும் இந்த மருந்தாகத்தான். மூளையைத் தாக்கிய வகைக்கு அளவு கூடுதலாக வேண்டும். வாட்ஸாப் குழுவில் முகம் தெரியாதவரிடம் குப்பி வாங்கி நீங்களே ஊசி போடுவது பணத்துக்கும் பூனைக்கும் கேடு.

இன்னொன்றைக் கொங்கு நாட்டில் சொல்லாமல் விட முடியாது. 2023 ஜூனில் போலந்து நாட்டில் பல ஊர்களில் பூனைகள் ஒரே நேரத்தில் தள்ளாடி, வலிப்பு வந்து செத்தன. யாருக்கும் காரணம் புரியவில்லை. சோதித்த 47 மாதிரிகளில் 29இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்தது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்கும் இதே வைரஸ் தொற்றியது உறுதியானது. நாமக்கல் முட்டையும் பல்லடம் பிராய்லரும் நம் ஊரின் பெருமை; அவற்றைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் பூனைக்குப் போடாதீர்கள், செத்த காக்கையையும் கோழியையும் அது கவ்வவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வெறிநோய்தான் மனிதருக்கு மிகப் பெரிய ஆபத்து. தடுப்பூசி போடாத, வெளியே சுற்றிவரும் பூனை திடீரென்று குரல் மாறி, ஒளிந்து, எச்சில் வடித்து, கால் விழுந்தால் முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். கையுறையோ தடித்த துண்டோ இல்லாமல் தொடக்கூடாது. பிறாண்டினாலும் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். 0, 3, 7, 28 ஆம் நாட்களில் தோலுக்குள்ளேயே போடும் ஊசி. ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி வந்தபின் இந்நோய்க்கு மருந்தில்லை. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, வெறிநோய் சந்தேகத்தைக் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிப்பது உரிமையாளரின் கடமை.

இனி, யாரோ வேண்டுமென்றே மருந்து வைத்திருந்தால். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலங்கை நஞ்சு வைத்துக் கொல்வதற்கோ ஊனப்படுத்துவதற்கோ ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பழைய சட்டத்தில் இருந்த பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் மதிப்புக் கணக்கெல்லாம் இதில் கிடையாது. போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கோ, மாநகரில் கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

காசு வாங்கிச் சிகிச்சை செய்த இடத்தில் கவனக்குறைவு என்று நினைத்தால், அல்லது நோயுள்ள குட்டியை மறைத்து விற்றிருந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கடையில் விற்பது 2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளுக்கு எதிரானது. குட்டி வாங்கும்போதே பில் கேளுங்கள். தர மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

இவ்வளவு சட்டமும் ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும். பூனை செத்ததும் அழுதுகொண்டே வேப்பமரத்தடியில் புதைத்துவிடுகிறோம். அதோடு சாட்சியும் போயிற்று. உடலை ஐஸ் வைத்துக் குளிரவையுங்கள், உறைய வைக்க வேண்டாம். அரசு கால்நடை மருத்துவரிடமோ, நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலோ பிரேதப் பரிசோதனைக்குக் கேளுங்கள். நஞ்சு சந்தேகம் என்றால் புகார் ரசீதோடு போங்கள். வெறிநோய் சந்தேகம் என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பூனைக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். உங்கள் பூனையின் அட்டையில் அடுத்த தேதி என்ன என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.