சென்செக்ஸ் சரிந்தால் எஃப்.டி.யை உடைக்கலாமா?

டி.வி.யில் சிவப்பு அம்புக்குறி ஓடத் தொடங்கியதும், சந்தைக்குச் சம்பந்தமே இல்லாத எஃப்.டி.யை உடைக்க வங்கிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. செய்தி எந்தப் பணத்தைப் பற்றியது என்று பார்த்துவிட்டுப் பயப்படலாமே.

ஒரு வங்கியில் ஒருவருக்குள்ள சேமிப்பு, டெபாசிட், வட்டி எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு 1 லட்சம்தான். அதே வங்கியின் நாலு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் வரம்பு கூடாது. வேறு வங்கி என்றால் அங்கே தனி 5 லட்சம். 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, முதலில் எடுக்க விட்டது வெறும் ஆயிரம் ரூபாய். இப்போது அப்படி ஒரு வங்கி முடங்கினால், 2021 சட்டத் திருத்தப்படி பொதுவாக 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் வந்தாக வேண்டும். ஆனால் வங்கியல்லாத நிதி நிறுவனம் (என்.பி.எஃப்.சி.), மற்ற நிதி நிறுவனம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகியவற்றில் போட்ட டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. உண்மையில் கவலைப்பட்டு விசாரிக்க வேண்டிய பணம் அது. அதைப் பற்றி எந்த சேனலும் அலறுவதில்லை.

பங்குக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் யாருடைய உத்தரவாதமும் இல்லை. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,935 புள்ளி விழுந்தது. நவம்பரில் புதிய உச்சம் தொட்டது. அன்று பதறி விற்றவர்களுக்குத்தான் அந்த நஷ்டம் நிலைத்தது. அதற்காக எல்லாச் சரிவும் எட்டே மாதத்தில் மீளாது. 2008 ஜனவரி உச்சத்தை மறுபடி எட்ட ஏறக்குறைய மூன்று வருடம் பிடித்தது. அடுத்த வருடம் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸை பங்கில் போடக்கூடாது என்பது இதனால்தான். பத்து வருடத்துக்கான எஸ்.ஐ.பி.யை ஒரு வாரச் செய்திக்காக நிறுத்த வேண்டியதில்லை என்பதும் இதனால்தான்.

பயந்தவர்களைத் தேடி வாட்ஸ்அப் குரூப் வரும். ‘சந்தை விழுந்தாலும் மாதம் 10 சதவீதம் கேரண்டி’ என்பார்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் யாரும் அப்படி உறுதி தரக்கூடாது. பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அத்தோடு விலகிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால், ஆன்லைன் மோசடிக்கு உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு அதிகம். புரோக்கர், ஃபண்ட் நிறுவனம் மீதான புகாருக்கு செபியின் ஸ்கோர்ஸ் தளம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். டெபாசிட் வாங்கித் திருப்பித் தராத நிதி நிறுவனம் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு. அதற்கென்றே தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நிறுவனத்தின் சொத்தை முடக்க அதில் வழி உண்டு. ரசீது, பணம் அனுப்பிய விவரம், குரூப்பில் வந்த மெசேஜ் எல்லாம் கேட்பார்கள். ஆத்திரத்தில் குரூப்பை அழித்துவிடாதீர்கள்.