திருமலைக்குக் கார் ஓட்டிச் செல்வோர் கவனத்திற்கு

விடுமுறையில் ஊருக்குப் போகும் நம் சங்கத்தார் பலர் பெங்களூரில் இறங்கி, வாடகைக் கார் எடுத்துத் தாங்களே ஓட்டித் திருப்பதி போக விரும்புகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். என் அனுபவம் சிலருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முல்பாகல், பலமனேர், சித்தூர் வழியாகப் போவதென்று முடிவாயிற்று. தெரிந்தவர் மூலம் ஒருவர் குறைந்த வாடகைக்குக் கார் தர முன்வந்தார். வெள்ளை நம்பர் பிளேட், அதாவது சொந்த உபயோக வண்டி. வயதான அப்பா அம்மாவுடன் போகிறோமே என்று இன்சூரன்ஸ் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். வாடகைக்கு விட்டால் காப்பீடு கிடையாது என்று அதிலேயே இருந்தது. மலையில் ஏதாவது நேர்ந்தால் நஷ்டம் என் தலையில்தான். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். அதைப் பார்த்து எடுங்கள்.

வழியில் கர்நாடக எல்லை தாண்டி ஆந்திரா வருகிறது. அந்த மாநிலத்துக்கும் பெர்மிட் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் வண்டியில் இருக்கட்டும்.

அடுத்தது லைசென்ஸ். வெளிநாட்டு லைசென்ஸுடன், 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். லைசென்ஸ் கொடுத்த நாட்டிலேயே, புறப்படுமுன் வாங்கிவிட வேண்டும். ஓராண்டுதான் செல்லும். அது தனியாகச் செல்லாது. அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். காலாவதியாகாத இந்திய லைசென்ஸ் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

மலையடிவாரமான அலிபிரியில் வண்டியையும் பைகளையும் சோதிப்பார்கள். மது, சிகரெட், மாமிசம் கூடாது. ஏறுவதற்கு 1974இல் திறந்த இரண்டாவது பாதை. இறங்குவதற்கு 1944இல் திறந்த பழைய பாதை. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடமாவது ஆகவேண்டும் என்பது தேவஸ்தான விதி. சீக்கிரம் வந்தால் வேகமாக ஓட்டியதாகத்தான் பொருள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார். கீழே சேர 46 நிமிடம் ஆயிற்று. "பரவாயில்லைடா, பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்" என்றார். நீங்களும் நிதானமாகப் போய், நல்ல தரிசனம் செய்து வாருங்கள்.