சீமைக் கருவேலம் கேட்கும் கேள்வி: 'விதைச்சாச்சு... திருப்பி எடுக்க முடியுமா?'

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ல போனா, ஜன்னலுக்கு வெளியே அடிக்கடி ஒரே மரம்தான் கண்ணுல படும்... சீமைக் கருவேலம். யாரும் தண்ணி ஊத்துறதில்ல, உரம் வைக்கிறதில்ல. ஆனாலும் சித்திரை வெயில்லகூட பச்சையா நிக்கும். விவசாயிகிட்ட கேட்டா, 'நிலத்தையே கெடுத்துருச்சு'ன்னு திட்டுவாங்க. கரிமூட்டம் போடுறவங்ககிட்ட கேட்டா, 'எங்களுக்குச் சோறு போடுறதே அதுதான்'னு சொல்லுவாங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மை.

காலநிலை மாற்றம், கட்டுப்பாடு இல்லாத ஏ.ஐ, அடுத்த பெருந்தொற்று என உலகமே நீண்டகால ஆபத்துகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. 'டெக்னாலஜி எல்லாத்தையும் சரி பண்ணிடும்' என்று ஒரு தரப்பு. 'டெக்னாலஜிதான் பிரச்னையே' என்று இன்னொரு தரப்பு. இந்த வாதத்துக்கு நம்ம கரிசக்காட்டு முள்மரத்துகிட்ட ஒரு நல்ல பதில் இருக்கு.

அதுவும் ஒரு 'தீர்வு'தான்!

சீமைக் கருவேலத்தோட பூர்வீகம் லத்தீன் அமெரிக்கா. 1870-களில் இந்தியாவுக்குள் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, வறண்ட மாவட்டங்களில் விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க இதைப் பரப்பினார்கள். சொன்ன வேலையை மரம் சரியாகவே செய்தது. அடுப்பு எரிஞ்சது, வேலி கிடைச்சது, கரி வியாபாரம் வந்தது.

ஆனா, 'இது எல்லை தாண்டினா என்ன பண்றது?' என்ற கேள்விக்கு யாரிடமும் திட்டம் இல்லை. நெற்றைத் தின்னும் ஆடு மாடுகள், போகிற இடமெல்லாம் சாணம், புழுக்கையோடு விதையையும் போட்டுவிடும். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். தரிசில் ஆரம்பித்த மரம், கண்மாய்க்குள்ளும் வரத்துக்கால்களுக்குள்ளும் புகுந்து தண்ணீர் பாதையை அடைத்தது.

இது நம்ம கதை மட்டுமில்ல. கென்யாவின் பாரிங்கோ பகுதியில் 1980-களில் இதே மரத்தை நட்டாங்க. இனிப்பான நெற்றைத் தின்னுதின்னு ஆடுகளுக்குப் பல்லே போச்சு. அங்கிருக்கும் மக்கள் பல் இல்லாத ஓர் ஆட்டையே கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நியாயம் கேட்டாங்க!

இங்கேயும் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மரங்களை அகற்றச் சொன்னது. அதே ஆண்டு, முதலில் அறிவியல்பூர்வமாக ஆய்வு செய்ய வேண்டும் என்று அந்தப் பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல்தான் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. விதைக்க ஒரு சீசன் போதும்; திருப்பி எடுக்க தலைமுறைகள் ஆகுது.

கண்மாய் ஏன் ஜெயிச்சது?

அதே மண்ணில் இதற்கு நேர்மாறான ஒரு டெக்னாலஜி பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. மேல்கண்மாய் நிறைஞ்சா, மிச்சத் தண்ணி கலுங்கு வழியா வழிஞ்சு கீழ்க்கண்மாய்க்குப் போகும். மழை குறைஞ்சா மடையை அடைச்சுத் தேக்கலாம், கூடினா வழிய விடலாம். தேங்கிய வண்டலை அள்ளி வயலில் போட்டால் அதுவே உரம். எங்கே தப்பு நடந்தாலும் அடுத்த கோடையில் சரிபண்ணலாம்.

இப்போது இந்த டிசைன் இன்னும் முக்கியம். 2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட சுமார் 62 சதவிகிதம் குறைந்தது. 2023 டிசம்பரில், பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ கொட்டியது. விருதுநகர் மாவட்டத்தின் ஒரு வருஷச் சராசரி மழையைவிட இது அதிகம். காற்று ஒரு டிகிரி சூடானால், சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். இந்த ரெண்டு நிலையையும் தாங்க கண்மாய் வேணும்; அதுல முள்ளு மண்டாம இருக்கணும்.

எச்சரிக்கை மட்டும் போதுமா?

1999-ல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் அதே கரையை பைலின் புயல் தாக்கியபோது இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. சாட்டிலைட்டும் கணிப்பும் முன்னேறியது ஒரு காரணம். ஆனால், அந்தக் கணிப்பை நம்பி கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனது மனுஷங்க எடுத்த முடிவு. டெக்னாலஜி தகவல் தரும். உயிரைக் காப்பாத்துறது அந்தத் தகவலை வெச்சு நாம எடுக்குற முடிவுதான்.

கமுதியில் ஒரு பரீட்சை

திருச்சுழிக்குப் பக்கத்தில் இருக்கும் கமுதியில், 2016-ல் 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் வந்தது. தண்ணி பஞ்சம் உள்ள ஊர் என்பதால் பேனல்களை ரோபோக்களை வைத்துத் துடைக்கிறார்கள். கரியமில வாயு இல்லாத மின்சாரம், ரொம்ப நல்ல விஷயம். ஆனா, சீமைக் கருவேலமும் 'நல்ல விஷயம்'னுதானே வந்துச்சு? ஒரு பேனலோட ஆயுசு சுமார் 25 வருஷம். அப்புறம் அந்தக் குப்பை எங்கே போகும்?

இந்த முறை கொஞ்சம் முன்கூட்டியே யோசித்திருக்கிறோம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனல்களும் சேர்க்கப்பட்டுள்ளன. அந்தக் கழிவுகளை 2034-35 வரை பாதுகாப்பாகச் சேமித்து வைக்க வேண்டியது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. விதி காகிதத்தோட நிக்காம இருக்கணும், அவ்வளவுதான்.

மூணே மூணு கேள்வி

அடுத்த தடவை 'உலகையே மாற்றும் தொழில்நுட்பம்'னு ஒரு ரீல்ஸ் வந்தா, ஷேர் பண்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க:

1. தப்பாப் போனா, திருப்பி எடுக்க வழி இருக்கா?

2. தப்பாப் போகுதுன்னு சீக்கிரமே கண்டுபிடிக்க யாராவது கவனிச்சுக்கிட்டு இருக்காங்களா?

3. திருப்பி எடுக்கும்போது யாரோட பொழப்பு போகும், அவங்களுக்கு என்ன பதில்?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். முள்மரத்தை முழுசா எடுக்கணும்னா, கரிமூட்டத்தை நம்பி இருக்குற குடும்பங்களுக்கு வேற வருமானம் வேணும். எடுத்த இடத்தைச் சும்மா விடாம நாட்டு மரம் வைக்கணும், குதிரைவாலியோ சோளமோ விதைக்கணும். இல்லைன்னா அடுத்த மழைக்கே அதே மரம் மறுபடி முளைச்சு நிக்கும்!